போப்பையர் கல்லறையும் முஞ்சிறைச் சாலையும் – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் மக்களே. இன்னைக்குப் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னு எடுத்து வெச்சிருந்தேன். அதுல ஒரு கேள்வி ரெண்டு நாளா என்னைத் தூங்க விடல. மத்ததையெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கிடுவோம்.

எழுதினது மார்த்தாண்டத்துக்காரங்க ஒரு அம்மா. மகள் இங்கிலாந்துல, ரெடிங்ல நர்ஸ். ரெண்டாவது பேறுகாலத்துக்குத் துணையாப் போனவங்க. ஒரு சனிக்கிழமை சோறும் புளிக்கறியும் கட்டிக்கிட்டு, மகள், மருமகன், பத்து வயசுப் பேரன், கைக்குழந்தை எல்லாருமா ரயிலேறி ஆக்ஸ்போர்டு போயிருக்காங்க. அரை மணி நேரம்தான் தூரம். அவங்களுக்கு அங்க ஒரே ஒரு ஆசை, திருக்குறளை இங்கிலீஷுல மொழிபெயர்த்த ஜி.யு. போப், நம்ம போப்பையர் கல்லறையைப் பார்க்கணும்.

அவங்க எழுதினதை வாசிக்கேன்: "சார், வால்டன் தெருவுல அந்தக் கல்லறைத் தோட்டத்தைக் கண்டுபிடிச்சோம். கல்லு மேல இலையும் பாசியுமா கிடந்துது. பேரன் கைக்குட்டையால துடைச்சு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சான். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்'னு எழுதியிருக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்ச காலத்துலேருந்து கேட்டிருக்கேன். அப்படி ஒரு வரியே இல்ல. அழிஞ்சு போச்சா? திரும்பி வரும்போது பேரன் கேக்கான், அம்மாச்சி, உங்க ஊர்ல இப்படிப் படிப்புக்குன்னே ஒரு ஊர் உண்டுமான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

முதல் கேள்விக்கு நேரடியாச் சொல்லிருதேன். அழியல அம்மா. அந்த வரி அந்தக் கல்லுல எப்பவுமே இருந்ததில்ல. மேடையில பேசிப் பேசி உண்மை மாதிரி ஆயிப்போச்சு. கல்லுல இருக்கது வேற சேதி. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவுல இருந்த அவரோட தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவர் வாழ்நாளெல்லாம் செய்த உழைப்பை அன்போட நினைச்சு வெச்ச கல்லுன்னு இருக்கு. எனக்கு இதுதான் இன்னும் பெருசாத் தெரியுது. 1908-ல அவர் போய்ச் சேர்ந்தாரு. நம்ம ஆளுங்க கடல் தாண்டி அந்தக் கல்லுல பங்கு வெச்சிருக்காங்க. உங்க பேரன் துடைச்சது நம்ம வீட்டுக் கல்லு அம்மா.

அவரைப் பத்தி ஒண்ணு சொல்லாம நகர மனசு வரல. பத்தொன்பது வயசுல, 1839-ல இங்க வந்தாரு. சாயர்புரத்துல பள்ளிக்கூடம் நடத்தினாரு. கடைசிக் காலத்துல ஆக்ஸ்போர்டுல தமிழ் சொல்லிக்கொடுத்தாரு. 1886-ல திருக்குறளை இங்கிலீஷுல வெளியிட்டாரு. அதுக்கப்புறம் எழுபது தாண்டின வயசுல திருவாசகத்தை மொழிபெயர்க்க எடுக்கணுமா, அதுவரைக்கும் உயிர் கிடக்குமான்னு தயங்கினப்போ, பேலியல் கல்லூரித் தலைவர், பெரிய வேலை ஒண்ணைக் கையில வெச்சிருந்தா ஆயுசு நீளும், முடிக்கிற வரை இருப்பீருன்னு சொல்லியிருக்காரு. 1900 ஏப்ரல் 24, தன்னோட எண்பதாவது பிறந்தநாளைத் தேதியாப் போட்டு அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதினாரு மனுஷன்.

இப்போ பேரன் கேட்ட கேள்விக்கு வாறேன். என்னைத் தூங்க விடாதது அதுதான். உண்டுமான்னா, உண்டு. உங்க வீட்டுலேருந்து பஸ்சுல போற தூரத்துல உண்டு.

சிதறால் மலையைப் பத்திப் பேசின அன்னைக்கே, நம்ம பக்கத்தை அந்தக் காலத்துல ஆண்ட ஆய் மன்னர்களைச் சொன்னேன், பழைய ஆளுங்களுக்கு நினைவிருக்கும். அந்த வம்சத்துல கோக்கருநந்தடக்கன். 866-ல முஞ்சிறை ஊர்ச் சபைக்காரங்ககிட்ட உழக்குடிவிளைன்னு ஒரு நிலத்தைக் கேக்கான். சும்மா வாங்கல, பதிலுக்கு வேற நிலம் கொடுத்து வாங்குறான். விளைன்னு முடியுற பேரைப் பார்த்தீங்களா, இன்னைக்கும் நம்ம மாவட்டத்துல பாதி ஊருக்கு அதுதானே பேரு! அங்க விஷ்ணு கோயில் கட்டி, பார்த்திவசேகரபுரம்னு பேரு வெச்சு, காந்தளூர்ல ஏற்கெனவே இருந்த சாலையை மாதிரியா வெச்சு ஒரு சாலையை உண்டாக்கினான். சாலைன்னா ரோடு இல்ல, தங்கிச் சாப்பிட்டுப் படிக்கிற இடம். இதெல்லாம் செப்பேட்டுல இருக்கு. திருவனந்தபுரத்துல ஹஜூர் கச்சேரியில இருந்ததால ஹஜூர் செப்பேடுன்னே பேரு. கோபிநாத ராவ் படிச்சுத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில வெளியிட்டாரு.

எத்தனை பேருக்கு இடம்? 95 சட்டர்கள். படிக்கிறவங்களுக்கு அந்தப் பேரு. மூணு வேதப் பிரிவுக்கு 45, 36, 14-ன்னு கணக்காப் பிரிச்சிருக்கு. இலக்கணம் தெரியணும், மூணு அரசோட விவகாரமும் தெரியணும். அவைக்கு ஆயுதம் கொண்டு வரப்பிடாது. கோயிலுக்குள்ள சூதாடப்பிடாது.

ஆயுதத்தை ஏன் எழுதி வெச்சான்? ஆக்ஸ்போர்டைப் பாருங்க. 1355 பிப்ரவரி 10, ஒரு மதுக்கடையில ஒயின் நல்லா இல்லன்னு மாணவங்க கிளப்பின தகராறு, ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பெரிய சண்டையாயி அறுபதுக்கு மேல மாணவங்க செத்தாங்க. அதுக்காக நகர மேயர் தலைக்கு ஒரு பென்னி வீதம் 63 பென்னி வருஷா வருஷம் கட்டணும்னு ஆச்சு. அது 1825-ல தான் நின்னுது. வயசுப் பிள்ளைங்க கூடுற இடம் எங்கயும் ஒண்ணுதான்.

நான் எப்பவும் சொல்றதை இன்னைக்கும் சொல்லுதேன், அலுத்துக்கிடாதீங்க. படிப்புக்கு முதல்ல உலை வெக்கணும். கோபுரத்தைப் பார்க்காதீங்க, சோறு எங்கேருந்து வந்துதுன்னு பாருங்க. ஆக்ஸ்போர்டுல மெர்டன் கல்லூரி எப்படி வந்துது? 1264-ல வால்டர் டி மெர்டன், சர்ரேயில இருந்த தன் நிலத்தோட வருமானத்தைப் படிக்கிறவங்க செலவுக்குன்னு எழுதி வெச்சாரு. நம்ம கருநந்தடக்கனும் அதைத்தான் செய்தான். ஒருநாள் வீட்டுல கேட்டேன், 95 பேருக்கு ரெண்டு வேளைச் சோத்துக்கு எவ்வளவு அரிசி வேணும்னு. ஊர் விருந்துக்கெல்லாம் அரிசி அளந்து போட்ட கை அது. கறிக்கு அரிஞ்சுக்கிட்டு இருந்த கத்தியைக் கீழ வெக்காமலே, "ஆளுக்கு வேளைக்குக் கால் கிலோ, நாளைக்கு நாப்பத்தேழு நாப்பத்தெட்டு கிலோ. எழுபத்தஞ்சு கிலோ மூடை ஒண்ணரை நாளைக்கு"ன்னா. அப்போ வருஷத்துக்கு எத்தனை மூடை, எத்தனை வயல்! செப்பேட்டுல ராஜா பேரு இருக்கு. நாத்து நட்டவ பேரு இல்ல.

அம்மா, உங்க பேரன் இன்னொண்ணு கேட்டிருக்கணும், அந்தப் பந்தியில யாருக்கு இலை போட்டாங்கன்னு. அவன் கேக்கல, நானே கேக்கேன். அந்த 95 இலையில ஒண்ணு கூட உங்களுக்கும் எனக்கும் இல்ல. வேதம் ஓதுற ஆம்பிளைங்களுக்கு மட்டும். எங்க பாட்டா கோயில் மதிலுக்கு வெளியே தூரமா நின்னு கும்பிட்டவரு. 1936 நவம்பர் 12, ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் முதல் தடவையா உள்ள கால் வெச்சாரு. வாசப்படியில நின்னு காலைத் தூக்கவும் முடியாம, திரும்பவும் முடியாம நடுங்கினதை எங்க அப்பா சொல்லும்போதெல்லாம் அழுவாரு. ஆக்ஸ்போர்டுலயும் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1920-ல தான். உங்க மகள் நர்ஸ் படிச்சு ரெடிங்ல நிக்குதுன்னா, அந்த இலை எத்தனை பேரு சண்டை போட்டு வாங்கினது! பள்ளிக்கூடத்துல மதியச் சோறு போட்ட காமராஜரை 1969-ல நாகர்கோவில்லேருந்து ஜெயிக்க வெச்சு அனுப்பின மாவட்டம் இது. எங்க அண்ணன் தட்டைத் தூக்கிக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனான்.

ஒரு எச்சரிக்கை. ஆக்ஸ்போர்டுல 1096-லயே பாடம் நடந்துதும்பாங்க, நம்ம சாலை அதுக்கும் 230 வருஷம் முன்னாடி, நாமதான் மூத்தவங்கன்னு உடனே வாட்ஸ்அப்புல தட்டிவிட்டுராதீங்க. ஆக்ஸ்போர்டு இன்னைக்கும் நடக்குது. நம்மது நின்னு போச்சு. சாலைன்னு ஒண்ணு இருந்ததே பக்கத்து ஊர்ப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. அதுதான் எனக்கு வேதனை. காந்தளூர்ச் சாலைக்கு என்ன ஆச்சு, சோழன் ராஜராஜன் அங்க 'கலமறுத்தான்'னு கல்வெட்டுல வருதே, அதுக்கு அர்த்தம் கப்பலை உடைச்சதா வேற ஏதுமான்னு பலபேர் கேட்டிருக்கீங்க. அதுக்குத் தனியா ஒருநாள் வேணும்.

பேரன் லீவுக்கு வந்தா இப்படிச் செய்யுங்க அம்மா. மார்த்தாண்டத்துலேருந்து புதுக்கடை பக்கம் போனா முஞ்சிறை. சிவாலய ஓட்டம் தொடங்குற திருமலைக் கோயில் இருக்கே, அதே முஞ்சிறைதான். முதல்ல அதைக் காட்டுங்க, பிறகு பார்த்திவபுரம் போங்க, செப்பேட்டுல சொன்ன பார்த்திவசேகரபுரம் அதுதான். பெரிய பலகை, வழிகாட்டி இதெல்லாம் எதிர்பார்க்காதீங்க. பிரகாரத்துல அவனை உக்கார வெச்சு, இங்கதான் 95 பேருக்கு உலை கொதிச்சுதுன்னு சொல்லுங்க. அந்தக் கைக்குட்டையையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க.