எல்லாம் சூடு இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

தோல் மருத்துவரான நான் அதிகம் கேட்கும் சொல் 'சூடு'. "மாத்திரைச் சூடுங்க டாக்டர், அதான் உடம்பெல்லாம் பொரிஞ்சிருச்சு" என்பார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர் இதைச் சொன்னால் எனக்குப் பகீர் என்றிருக்கும். ஏனென்றால், சூட்டைத் தணிக்க அவர் அடுத்துச் செய்யப்போகிற இரண்டு காரியங்களுமே ஆபத்து. ஒன்று, மாத்திரையை நிறுத்துவது. இன்னொன்று, இளநீர். அதில் பொட்டாசியம் அதிகம். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம்.

நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, பொருத்திய உறுப்பை அந்நியன் என்று தாக்கும். முடக்குவாதம், சொரியாசிஸ், லூபஸ் போன்ற நோய்களில் சொந்த உடம்பையே தாக்கும். அதை அடக்கி வைக்கத்தான் இந்த மருந்துகள். தோலில் இவை காட்டும் வேலை மருந்துக்கு மருந்து மாறும். எல்லாவற்றையும் 'அலர்ஜி' என்று ஒரே மூட்டையில் கட்ட முடியாது.

ஸ்டீராய்டு கொடுத்தால் நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில் பருக்கள் வரும், முகம் உப்பும், தோல் மெலிந்து லேசாக இடித்தாலே கன்றிப்போகும். சைக்ளோஸ்போரின் வேறு மாதிரி. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்த மருந்து அது. உறுப்பு மாற்று சிகிச்சையின் போக்கையே மாற்றியது. ஆனால் முகத்திலும் கையிலும் முடி வளர வைக்கும், ஈறு தடிக்கும். கல்யாண வயதுப் பெண்ணுக்கு மீசை அரும்பினால் வீடே கலங்கிப்போகும். யாருக்கும் சொல்லாமல் மாத்திரையைக் குறைத்துக்கொள்கிற பெண்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். மருந்தை மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது. போன சிறுநீரகத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான அசதயோப்ரின் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால், அது நிஜமான ஒவ்வாமையாக இருக்கலாம். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினாலும் அப்படித்தான். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிகின்றன என்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். நம்மைப் போன்ற ஆசிய மக்கள் சிலருக்குப் பிறப்பிலேயே இருக்கும் ஒரு மரபணு மாற்றம் இதற்குக் காரணம்.

என்னை அதிகம் பயமுறுத்துவது மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் அருமையான மருந்து, ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தருவோம். பெரும்பாலும் இரண்டுமே பொடிசாக, மஞ்சளாக இருக்கும். கண் மங்கிய பாட்டி மாற்றி எடுத்துவிடுவார். அல்லது, "தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகும்" என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். சில நாளில் வாயெல்லாம் புண்ணாகும். சாதம்கூட இறங்காது. சொரியாசிஸ் திட்டுகள் வெந்ததுபோல உரியும். வீட்டில் வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை சமைத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்கள் உண்டாக்குவதையே நிறுத்திக்கொண்டிருக்கும். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் போட வேண்டும். அதனால் நான் அட்டைப்பெட்டியின் மேலேயே தடித்த பேனாவால் 'வியாழன் மட்டும்' என்று எழுதித் தருகிறேன். வியாழன் என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மறக்காது, கோயிலுக்குப் போகிற நாள்.

மருந்து நேரடியாகச் செய்வது இவ்வளவு என்றால், எதிர்ப்புச் சக்தி என்ற காவலை அடக்கி வைத்ததால் உள்ளே நுழைவது வேறு பட்டியல். மரு, தேமல், படர்தாமரை. படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசியதும் அரிப்பு நிற்கும், பூஞ்சை மட்டும் படர்ந்துகொண்டே போகும்.

அப்புறம் அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமிதான் நரம்பில் ஒளிந்திருந்து, காவல் தளரும்போது எழுந்து வருகிறது. இந்த மருந்துகள் சாப்பிடுபவருக்கு அது ஒரு பக்கத்தோடு நிற்காமல் உடம்பு முழுக்கப் பரவலாம், கண்ணையும் தாக்கலாம். கிருமியை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. நம் ஊரில் அந்த மூன்று நாளும் அக்கி எழுதுவதில் போய்விடுகிறது. காவி குழைத்துச் சிங்கம் வரைகிற அந்தக் கைவண்ணத்தை நானும் ரசிப்பவன்தான். எழுதிக்கொண்டே ஆக வேண்டும் என்றால், முதலில் என்னிடம் வந்துவிட்டுப் போய் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றால், கழுவிவிட்டு வாருங்கள். காவிக்கு அடியில் கொப்புளம் எனக்குத் தெரிவதில்லை.

நன்றி, வணக்கம்.