வெயில் வீட்டுக்குள்ளேயும் கொல்லும்

வணக்கம் மக்களே. பின்னால் ஃபேன் இரைவது கேட்கும், மன்னித்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்தினால் நான் இங்கே உட்கார முடியாது.

வெயில் என்றாலே குடை, தொப்பி, மத்தியானம் வெளியே போகாதே, இதையேதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு வாரத்துக்குள் வெப்பத்தால் 619 பேர் செத்துப்போனார்கள், அதில் நூற்றுக்கு 98 பேர் வெயிலில் இல்லை, கூரைக்குக் கீழேதான் இருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், பாதிக்கு மேல் தனியாக வாழ்ந்தவர்கள். பெரும்பாலானவர்கள் வீட்டில் ஏசி இல்லை.

அதனால்தான் ஏசியை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பகலெல்லாம் சுவர் குடித்த சூட்டை ராத்திரி அறைக்குள் கக்குகிறது, உடம்பு ஆற நேரமே கிடைக்காமல் இதயம் ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, இப்படி நாலு ராத்திரி போனால் ஏற்கெனவே பலவீனமான இதயம் நின்றுவிடலாம். சான்றிதழில் பல நேரம் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். அப்போது வெப்பம் கணக்கிலேயே வராது.

அப்புறம் ஃபேன். ஓரளவு வரை நல்லதுதான், ஆனால் 40 டிகிரிக்கு மேல் ஃபேன் உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயதானால் வியர்வையும் குறைந்துவிடும், சில மாத்திரைகளும் அதைக் குறைக்கும் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்).

சரி, ஆளுக்கொரு ஏசி வாங்கினால் தீர்ந்துவிடுமா? அது உள்ளே இருக்கும் சூட்டைத் தெருவில்தானே கொட்டுகிறது, ஏசி இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்? கரண்ட் போனால் எல்லாரும் ஒன்றுதான். அதனால் இதை அவரவர் பர்ஸிடம் விட முடியாது, தண்ணீர், தடுப்பூசி மாதிரி பொதுக் காரியமாகப் பார்க்க வேண்டும். வெள்ளையடித்த கூரை, மரம், ராத்திரியும் திறந்திருக்கும் குளிர்ந்த பொது அறை, கடும் வெயிலில் பில் பாக்கிக்காக கரண்டைத் துண்டிக்காத விதி. குளிர் நாடுகளில் பல ஊர்களில் வாடகை வீட்டுக்குக் குளிர்காலத்தில் இவ்வளவு சூடாவது இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இதற்கு மேல் சூடு ஏறக்கூடாது என்று சட்டம் போட்ட ஊர் ரொம்ப அரிது.

2003-இல் பிரான்ஸில் சுமார் 15,000 பேர் இறந்த பிறகு, அங்கே தனியாக இருக்கும் முதியோர் பட்டியலை நகராட்சிகள் வைத்துக்கொண்டு, வெப்ப எச்சரிக்கை வந்தால் போன் செய்கிறார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது, பெரிய செலவே இல்லை.

நீங்களும் போன் போடுங்கள். ராத்திரி தூங்கினீர்களா, அறை ஆறியதா என்று கேளுங்கள். பேச்சு குழறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ உடனே ஆம்புலன்ஸ். அது வரும்வரை பக்கத்தில் இருப்பவரிடம் அவர் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.