கிரேப் மாவு கரைச்சா பிரெஞ்சு வரும்

எல்லாருக்கும் வணக்கங்க. பிரெஞ்சு கத்துக்க ஆரம்பிச்சவங்க முக்காவாசி பேர் முட்டிக்கிட்டு நிக்கிற இடம் பொருளோட பேருக்கு முன்னாடி ஒட்டுற இந்த டு (ஆண்பாலுக்கு), ட லா (பெண்பாலுக்கு), டெ (பன்மைக்கு) தான். தமிழ்ல பால் வாங்கினேன்னு சொன்னா முடிஞ்சுது. பிரெஞ்சுல பால் ஆண்பாலா பெண்பாலா, எவ்ளோன்னு அளவு சொன்னோமா சொல்லலையான்னு எல்லாம் பாத்துட்டுத்தான் வாயவே திறக்கணும். நான் என்ன சொல்றேன்னா, இத டேபிள் போட்டு மனப்பாடம் பண்ணாதீங்க, அடுப்படியில படிங்க, அதுவும் அவங்க பண்டிகை நாள்ல படிங்க.

பிப்ரவரி 2ம் தேதி ஷாந்தலர். கிறிஸ்துமஸ் முடிஞ்சு 40 நாள், குழந்தை இயேசுவ கோயில்ல ஒப்புக்கொடுத்த நாள், சர்ச்சுல மெழுகுவர்த்தி மந்திரிப்பாங்க. ஆனா இன்னிக்கு பிரான்ஸ்ல சர்ச் பக்கமே போகாத வீட்லயும் அன்னிக்கு கிரேப் உண்டு, அதாவது மாவக் கரைச்சு மெல்லிசா ஊத்திச் சுடுறது. ஒரு கையில காசப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால அது சுடுற சட்டியத் தூக்கி கிரேப்ப அந்தரத்துல திருப்பிப் போட்டா வருஷம் பூரா காசு தங்கும்னு ஒரு நம்பிக்கை. இது நம்ம தோசைதானேன்னு பின்னாடி யாரோ முணுமுணுக்கிறீங்க, சரி வச்சுக்கோங்க, ஆனா மாவு புளிக்க வேணாம், ஒரு மணி நேரம் சும்மா இருந்தா போதும்.

இப்ப மாவுக்கு வருவோம். வீட்ல என்ன இருக்குன்னு கேட்டா டு லே, டு பேர், ட லா ஃபரீன், டெஸ் எ, அதாவது பால், வெண்ணெய், மாவு, முட்டை. அளவு வந்த உடனே எல்லாம் சுருங்கி வெறும் ட ஆயிடும், 250 கிராம் ட ஃபரீன், அரை லிட்டர் ட லே, ஒரு சிட்டிகை உப்புன்னா யுன் பேன்சே ட செல். முட்டை 4, அது எண்ணிக்கை, அதுக்கு ட கூட கிடையாது, கத்ர் எ. ஒரு கிண்ணம் மாவு கரைக்கிறதுக்குள்ள இந்த ரூல் மொத்தமும் வந்துபோயிடுது பாருங்க, இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ் வேணும்?

அந்த முட்டைதான் வாய்ல வராது. ஒண்ணுன்னா கடைசியில ஃப் சத்தம் உண்டு, ரெண்டு மூணு ஆச்சுன்னா அந்த ஃப் காணாமப் போயிடும். பன்மையில வர்ற சத்தத்துக்கு ‘ஏ’ன்னு சொல்லிக்கிட்டே உதட்ட மட்டும் ஓ மாதிரி குவிங்க, வந்துரும். கலக்கவும்னு பாக்கெட்ல போட்டிருக்கிறதும் கலக்குங்கன்னு மரியாதையா சொல்றதும் ரெண்டுமே காதுக்கு மெலான்ஷேதான், எழுத்துல மட்டும்தான் கடைசி ர், ஸ் மாறும், அதனால சமையல் குறிப்ப வாய்விட்டுப் படிக்கிறதோட விடாம எழுதியும் பாருங்க.

இதுக்கு ஒரு மாசம் முன்னாடி, ஜனவரி 6, எப்பிஃபனி, நம்ம ஊர்ல மூணு ராஜாக்கள் திருநாள்னு சொல்றது. வடக்குப் பக்கம் பாதாம் கிரீம் வச்ச கலெத் தே ருவா, அதாவது ராஜாக்கள் கேக், தெற்குப் பக்கம் வளையமா பிரியோஷ்ங்கிற வெண்ணெய் பன்னு, மேல சர்க்கரைப் பழத்துண்டு. உள்ள ஒரு ஃபேவ் ஒளிச்சு வச்சிருப்பாங்க, ஒரு காலத்துல நிஜமான மொச்சை மாதிரி பயறு, இப்ப பீங்கான் பொம்மை, மெதுவா கடிங்க. வீட்லயே சின்னப் பிள்ளைய மேசைக்கு அடியில அனுப்பிடுவாங்க, மேல ஒரு துண்டக் காட்டி செ பூர் கி, இது யாருக்குன்னு கேக்க, கீழ இருந்து பூர் முவா, பூர் துவா, பூர் லுய், பூர் எல்னு, அதாவது எனக்கு, உனக்கு, அவனுக்கு, அவளுக்குன்னு பதில் வரும். பூர் பின்னாடி ஷ (நான்), து (நீ) வரவே கூடாதுங்கிறத இதவிட யாரால சொல்லிக்குடுக்க முடியும்? ஃபேவ் கிடைச்சவங்க ராஜாவோ ராணியோ, தலையில காகிதக் கிரீடம். ஜனாதிபதி மாளிகை எலிசேக்குப் போற கலெத்ல மட்டும் ஃபேவ் வைக்க மாட்டாங்க, குடியரசுல ராஜா எங்கிருந்து வருவாருங்கிற லாஜிக், எனக்கு ரொம்பப் பிடிச்ச பிரெஞ்சுத்தனம் இது.

அப்புறம் மார்தி க்ரா, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்கால நோன்புக்கு முந்தின நாள், முட்டை வெண்ணெயெல்லாம் தீத்துக்கட்ட எண்ணெயில பொரிச்சுத் தள்ளுவாங்க. லியோன்ல பூய்ன், போர்தோ பக்கம் மெர்வே, தெற்க மோன்பெலியேல ஒரேயெத், கிட்டத்தட்ட எல்லாம் ஒரே மாவுதான். ஊருக்கு ஊர் பேர் மாறுற இந்தச் சண்டை பண்டிகை இல்லாத நாள்லயும் உண்டு. பாரிஸ்ல அன் பேன் ஓ ஷோகோலான்னு ஆண்பால்ல கேக்கிற அதே சாக்லேட் பன்னு துலூஸ் பக்கம் போனா யுன் ஷோகோலாதின், பேரோட சேந்து பாலும் மாறிடும். அங்க கியூல நின்னுக்கிட்டு எது சரின்னு ஆராயாதீங்க, முன்னாடி நிக்கிற பாட்டி எப்படிக் கேட்டாங்களோ அப்படியே கேட்டு வாங்கிக்கோங்க.