மங்கலாகத் தெரிந்தால் கீழே பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மைக்ரோஸ்கோப்பில் உருவம் மங்கலாகத் தெரிந்தால், 'லென்ஸ் சரியில்லை' என்றுதான் முதலில் சொல்கிறோம். பெரும்பாலும் லென்ஸ் நன்றாகவே இருக்கும். கோளாறு சிலைடை வைக்கும் மேடைக்குக் கீழே, வெளிச்சத்தில் இருக்கும்.

நம் வேலூர்க் கோட்டை அகழியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்வோம். அதைச் சிலைடின் நடுவில் விட்டு, அதை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் கிளாஸை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழி சிக்கும். தடித்த கறுப்பு விளிம்போடு வட்டமாகத் தெரியும் அதை உயிரி என்று நினைத்து நோட்டில் வரைந்துவிடும் மாணவர்கள் உண்டு.

4 மடங்கு லென்ஸில்தான் தொடங்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தபடி, பெரிய திருகால் மேடையை லென்ஸுக்கு அருகில் உயர்த்துங்கள். அதன்பின் கண்ணை வைத்துப் பார்க்கும்போது மேடையை இறக்க மட்டுமே செய்யுங்கள். 40 மடங்கு லென்ஸுக்கும் கவர் கிளாஸுக்கும் இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர்தான். அங்கே சிறிய திருகு போதும். 10 மடங்கு லென்ஸில் தெரிந்தது 40-இல் பிடிபடவே இல்லையா? சிலைடைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இனி வெளிச்சம். மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸான கண்டென்சரை ஏறக்குறைய மேல் எல்லைவரை உயர்த்துங்கள். கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பார்த்தால் ஒரு ஒளிவட்டம் தெரியும். அதன் விட்டத்தில் முக்கால் பங்கு தெரியும் அளவுக்கு, கண்டென்சரில் உள்ள சுருக்கி விரிக்கும் ஒளித் திறப்பான டயஃப்ரத்தைத் திறந்து வையுங்கள். லென்ஸை மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கண் கூசினால் விளக்கைக் குறையுங்கள், டயஃப்ரத்தை மூடாதீர்கள். மூடினால் உருவம் அழுத்தமாகத் தெரியும். ஆனால் நுண்ணிய விவரங்கள் கரைந்துபோகும். சாயமேற்றாத அகழி உயிரிகள் கண்ணாடிபோல் இருப்பதால், அவற்றுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக மூடலாம்.

கரிகிரி மருத்துவமனையால் இந்த வட்டாரத்துக்கு நன்கு தெரிந்த தொழுநோய்க் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் அரை மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடிந்ததே சுமார் கால் மைக்ரான்தான். அதனால் இங்கே கண்டென்சர் முழுக்க மேலே, டயஃப்ரம் நன்றாகத் திறந்து, 100 மடங்கு லென்ஸுக்குக் கீழே ஒரு சொட்டு எண்ணெய். இடையில் காற்று இருந்தால் கண்ணாடியை விட்டு வெளியேறும் ஒளி விலகிச் சிதறும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515, கிட்டத்தட்ட கண்ணாடியுடையதே. அதனால் ஒளி விலகாமல் லென்ஸுக்குள் போகிறது.

எண்ணெய் விட்டபின் 40-ஐத் திருப்பிக் கொண்டுவராதீர்கள். அதன் முனையில் எண்ணெய் ஒட்டிக் காய்ந்தால், அப்புறம் எந்தச் சிலைடும் பனிமூட்டமாகத்தான் தெரியும். ஆய்வகங்களில் 'கெட்டுப்போன 40' என்று ஒதுக்கப்படுபவற்றில் பல இப்படி ஆனவையே. லென்ஸ் தாளில் துளி சைலீன் தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த தாளால் ஒற்றுங்கள். சைலீன் வழியவிட்டால் லென்ஸை ஒட்டிய பசை இளகும். கைக்குட்டை, புடவைத் தலைப்பு வேண்டவே வேண்டாம். நம் ஊர்த் தூசியில் இருக்கும் மணல் லென்ஸைக் கீறிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் நீல நிறச் சிலிகா ஜெல் பை வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் சூடாக்கி, நீலம் திரும்பியதும் மறுபடி வைக்கலாம். ஈரத்தில் லென்ஸுக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சை படரும்; நாள்பட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், அந்தத் தழும்பு துடைத்தாலும் போகாது.