அந்த டங்க்குக்கு ரிங் ஏன் உடையல்ல? பதில் உழவு மெஷின்ல கிடக்கு!

(காட்சி: கறுப்புத் திரை. பந்து தரையில் தட்டும் சத்தம் மட்டும். பிறகு ஆட்களின் கூச்சல்.)

2024 மார்ச் 18. அமெரிக்காவுல யூட்டா மாநிலம், சோல்ட் லேக் சிட்டியில ஒரு பாஸ்கட்போல் ஆட்டம். அங்க திங்கட்கிழமை இரவு. இங்க மட்டக்களப்பில செவ்வாய் விடிஞ்சு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுற நேரம். மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணிட அன்தனி எட்வர்ட்ஸ் பந்தோட ஓடி வாறான். உயரம் 193 செ.மீ. ரிங்குக்கு முன்னால யூட்டா ஜாஸ் அணிட ஜோன் கொலின்ஸ், 206 செ.மீ, தடுக்க எழும்புறான். அடுத்த நொடி கொலின்ஸ்ட தலைக்கு மேலால பந்து ரிங்குக்குள்ள இறங்குது. இப்படிப் பாய்ஞ்சு, பந்த மேல இருந்து கையால ரிங்குக்குள்ள இறக்குறதுதான் டங்க். கொலின்ஸுக்குத் தலையில அடி, அவன் அண்டைக்குத் திரும்பி வரல்ல. எட்வர்ட்ஸுக்கு விரல் கழண்டுபோச்சு. விரலச் சரிபண்ணிக்கொண்டு திரும்ப வந்து 32 புள்ளியோட ஆட்டத்த முடிச்சான்.

மனிசனுக்கு விரல் கழண்டுது. ரிங்குக்கு? ஒண்டும் ஆகல்ல. கீழ மடிஞ்சது, மேல வந்தது, அவ்வளவுதான்.

(காட்சி: வணக்கம் சொல்லும் முகப்பு. இரண்டு நொடி.)

வணக்கம் மக்காள். இண்டைக்கு அமெரிக்கத் தொழில்முறைப் பாஸ்கட்போல் லீக்கான என்பிஏட 2023-24 சீசன்ல சிறந்த டங்க்குகள். பின்னணியச் சுருக்கமாச் சொல்லிட்டு ஓடுறன்: 30 அணி, ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டம், மொத்தம் 1230. நம்ம பக்கம் பெரும்போகம் விதைக்கிற ஒக்டோபர்ல தொடங்கி, வேளாண்மை வெட்டி வைக்கோலும் காஞ்ச பிறகு ஏப்ரல்லதான் முடியும். அதுக்குப் பிறகு பிளேஓஃப், கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகள். சரி, பின்னணி முடிஞ்சுது.

இவ்வளவு ஆட்டத்துல எது நல்ல டங்க் எண்டு எப்படிச் சொல்ற? அந்த சீசன்ல என்பிஏ இதுக்கே ஒரு கணக்குக் கொண்டுவந்தது. மைதானத்தச் சுத்தியிருக்கிற கமராக்கள் ஒவ்வொரு ஆட்டக்காரன்ட உடம்புலயும் 29 புள்ளிகளப் பின்தொடருது. அதவெச்சு டங்க்குக்கு மார்க் போடுறாங்க. பாய்ச்சல், பலம், அழகு, எதிராளிட தடுப்பு எண்டு நாலு பகுதி. என்னக் கேட்டா முதல் மூண்டையும் கூட்டி அரைவாசி மார்க், நாலாவதுக்குத் தனிய அரைவாசி மார்க் குடுக்கணும்.

ஏன் எண்டு கேளுங்க. முந்தின சீசன்ல, 2022 டிசம்பர் 9, நியூ ஓர்லியன்ஸ் பெலிக்கன்ஸ் அணிட சயன் வில்லியம்சன், பீனிக்ஸுக்கு எதிரா, கடைசி நொடிகள்ல ஆளே இல்லாத ரிங்க நோக்கிப் போய் முழுச் சுத்துச் சுத்தி ஒரு டங்க் அடிச்சான். அழகு, மறுக்க ஏலாது. ஆனா வெண்டு முடிஞ்ச ஆட்டம், தடுக்க ஒருத்தனும் இல்ல. பீனிக்ஸ்காரனுகளுக்குக் கோபம் வந்து தள்ளுமுள்ளு நடந்ததுதான் மிச்சம். அது கல்யாண வீட்டு வெடி மாதிரி, சத்தம் மட்டும்தான். எட்வர்ட்ஸ் அடிச்சது வேற. அங்க ஒருத்தன் மறிச்சு நிண்டான்.

(காட்சி: எட்வர்ட்ஸின் பாய்ச்சல், கால்வாசி வேகத்தில்.)

இதக் கொஞ்சம் மெதுவாப் பாருங்க. 90 செ.மீ பாயிற ஒருத்தன் நிலத்த விட்டுத் திரும்ப நிலத்துக்கு வர எடுக்கிற நேரம் கிட்டத்தட்ட 0.86 நொடி. அதுல சரிபாதி நேரத்த பாய்ச்சல்ட மேல் கால் பங்கு உயரத்துலதான் கழிக்கிறான். அதாலதான் அந்தரத்துல நிக்கிற மாதிரி நமக்குத் தெரியுது. மந்திரம் இல்ல, புவியீர்ப்புக் கணக்கு.

இனித் தடுக்கிறவன்ட பிழை. விதிப்படி அவன் தன்ட இடத்துல நேரா மேல எழும்பி, கையும் செங்குத்தா இருந்தா அது பவுல் இல்ல. ஆனா அரைக் காலடி பிந்தினா நேரா எழும்ப ஏலாது, சாய்ஞ்சுகொண்டுதான் எழும்பணும். டங்க் அடிக்கிறவன் உச்சியில நிக்கக்குள்ள இவன் இன்னும் பாதி வழியில. அப்பதான் கை முகத்துக்கு மேலால போகும், அதப் போஸ்டராவும் அடிப்பாங்க. கொலின்ஸுக்கு நடந்ததும் அந்த அரைக் காலடிதான். ஆனாலும் சொல்றன், விலகி நிண்டிருந்தா அவன்ட பேர் இந்த வீடியோவுலயே வராது. எழும்பினானே, அதுக்கே ஒரு கைதட்டு.

இன்னொரு ஒப்பீடு சொல்லாம விட மனம் வரல்ல. முந்தின சீசன்ல, 2023 ஜனவரி 14, மெம்பிஸ்ட ஜா மொரன்ற், 188 செ.மீ, இந்தியானாட ஜேலன் ஸ்மித்துக்கு மேலால ஒரு டங்க் அடிச்சான். ஸ்மித்ட உயரம் 208. அந்த இலக்கம் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம வலைப்பந்துத் தாரகை தர்ஜினி சிவலிங்கத்துட உயரமும் அதுதான். வலைப்பந்து வளையமும் பாஸ்கட்போல் ரிங்கும் ஒரே உயரம், 3.05 மீற்றர். இப்ப தர்ஜினி அந்த வளையத்துக்குக் கீழ கையத் தூக்கிக்கொண்டு நிக்கிறத நினைச்சுப் பாருங்க. அவட கைக்கு மேலால, ஓடி வந்து, ஒற்றைக் கையால. விளங்குதா என்ன நடந்தது எண்டு?

(காட்சி: கண்ணாடிப் பலகை நொறுங்கும் பழைய படம்.)

இப்ப நான் ஆசையாக் காத்திருந்த இடம். ஸ்பிரிங்!

1979 நவம்பர் 13, கான்சஸ் சிட்டி. பிலடெல்பியாட டரில் டோக்கின்ஸ், 211 செ.மீ, ஒரு டங்க் அடிக்க கண்ணாடிப் பலகை பொடிப்பொடியாக் கொட்டினது. மூண்டு கிழமையில, டிசம்பர் 5, சொந்த மைதானத்துல இன்னொண்டு. ஏன் உடையுது? ஒரு நெம்புகோல் கணக்கு. ரிங்ட முன் விளிம்பு பலகையில இருந்து ஏறக்குறைய 60 செ.மீ தள்ளி இருக்கு. ரிங்கப் பூட்டுற போல்ட்டுகளுக்கு இடையில மேல் கீழா 10 செ.மீ எண்டு வைங்க. முன் விளிம்புல 100 கிலோ தொங்கினா, மேல் போல்ட்ட 600 கிலோ இழுக்கிற மாதிரி. அதுவும் சும்மா தொங்கக்குள்ள. மேல இருந்து விழுந்து தொங்கினா இன்னும் கூட. அது நேராக் கண்ணாடியில பூட்டியிருந்தா கண்ணாடி என்ன செய்யும் பாவம்?

இதுக்கு மருந்து கண்டுபிடிச்ச ஒருத்தர் பெரிய இஞ்சினியர் இல்ல. ஆதர் எராட் எண்டு இலினோய்ஸ் மாநிலத்துல தானியக் களஞ்சியத்துல வேலை செய்த மனிசன். நம்ம நெல் சந்தைப்படுத்தும் சபைக் களஞ்சியத்துல நிக்கிற ஒரு அண்ணன நினைச்சுக்கொள்ளுங்க. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள்ல 1967ல இருந்து டங்க் தடை. 1976ல தடையத் தூக்கினாங்க, ரிங்குகள் வளையத் தொடங்கினது. பாஸ்கட்போல் பயிற்சியாளரா இருந்த மருமகன் வந்து இதுக்கு ஒரு வழி பாருங்க எண்டு கேட்டாராம். எராட் எடுத்தது ஜோன் டியர் உழவுக் கலப்பைட தடிச்ச சுருள் ஸ்பிரிங். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயல்காரருக்கு நான் விளக்கத் தேவையில்ல: கலப்பைக் கொழு கல்லுல முட்டினா ஸ்பிரிங் விட்டுக்குடுக்கும், கல்லத் தாண்டின உடன திரும்பத் தன்ட இடத்துக்கு வரும். அதே வேலையத்தான் ரிங்குக்குக் குடுத்தார். 1982 டிசம்பர்ல காப்புரிமை கிடைச்சது.

இதுல நுணுக்கம் எங்க எண்டா, ஸ்பிரிங் எப்பவும் ஆடக்கூடாது. தூரத்துல இருந்து எறியிற பந்து பட்டா ரிங் கல்லு மாதிரி நிக்கணும், இல்லாட்டி பந்து ஒரு நாளைக்கு ஒரு மாதிரித் தெறிக்கும். அதால சர்வதேச விதி சொல்றது: முன் விளிம்புல குறைஞ்சது 82 கிலோ, கூடினது 105 கிலோ பாரம் வந்தாத்தான் ரிங்க நிமித்தி வைக்கிற பூட்டுத் திறக்கணும். திறந்தா 10 பாகைக்குக் குறையாம, 30 பாகைக்கு மேல போகாம மடியணும். பாரத்த விட்டவுடன பழைய இடத்துக்கு வரணும். ரிங்ட பாரம் பலகைக்குப் போகாம, பின்னால இருக்கிற சட்டத்துக்குப் போகணும். ஒரு மைதானத்துட ரெண்டு ரிங்கும் மோதுற சக்தியில உறிஞ்சுற பங்கு 35ல இருந்து 50 வீதத்துக்குள்ள, ரெண்டுக்கும் இடையில 5 வீதத்துக்கு மேல வித்தியாசம் இல்லாம. இவ்வளவு கணக்கும் ஒரு கலப்பை ஸ்பிரிங்குக்குள்ள!

சில பேரை ஸ்பிரிங்கும் தாங்கல்ல. 1993ல ஷகீல் ஓ'நீல் தன்ட முதல் சீசன்லயே ரெண்டு மைதானத்துல ரிங்க விட்டிட்டு முழுத் தாங்கியையே சரிச்சுப்போட்டான். அதுக்குப் பிறகு தாங்கியையும் பலப்படுத்தினாங்க.

(காட்சி: மட்டக்களப்பு, வெபர் மைதானம். பின்னேர வெயில்.)

இந்த மைதானத்துக்குப் பேர் குடுத்த வெபர் அடிகளாரும், மட்டக்களப்புல பாஸ்கட்போல வளர்த்த மற்றக் குருமாரும் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்து இயேசு சபைக்காரர். சயன் விளையாடின அதே ஊர். அதால இந்த விளையாட்டு நமக்கு அந்நியம் இல்ல. ஆனா நம்ம ஊர்த் திறந்தவெளி ரிங்குகள்ல கனக்க, ஸ்பிரிங் இல்லாத நிலை ரிங். கடல் காத்து, வாவிக் காத்து, உப்பு. பலகைக்குப் பின்னால போல்ட்டத் தட்டிப் பாருங்க, துரு பொடியாக் கொட்டினாலோ வெல்டிங் ஓரத்துல மயிர்க்கோடு வெடிப்பு இருந்தாலோ அதுல தொங்கவே வேணாம்.

டங்க் அடிக்க ஆசைப்படுற தம்பிமாருக்குக் கணக்கு இது. 175 செ.மீ ஆள் கையத் தூக்கினா ஏறக்குறைய 228. ரிங்கத் தொட 77 செ.மீ பாயணும், பந்த உள்ளுக்க இறக்க இன்னும் 15. முதல்ல டெனிஸ் பந்தோட பழகுங்க, பிறகு வலைப்பந்து, கடைசியாத்தான் 7ம் இலக்கப் பந்து. கடைசிக்கு முந்தின காலடி நீளமாவும் இடுப்புத் தாழ்ந்தும், கடைசிக் காலடி கட்டையாவும் விழணும். ஓட்டத்துட வேகத்த மேல திருப்புறது அந்தக் கட்டைக் காலடிதான். பந்து முன் விளிம்புல பட்டுத் திரும்பி வந்தா நீங்க தூரத்துல இருந்து எழும்பியிருக்கீங்க, இறங்கக்குள்ள ரிங்குக்குப் போறீங்க. பந்து கையில இருந்து பின்னுக்கு வழுக்கினா உள்ளங்கையால மட்டும் பிடிக்காதீங்க, மணிக்கட்ட மடக்கி முன்கையோட அணைச்சுக் கொண்டுபோங்க. கொங்கிறீற் தரையில ஒரு நாளைக்கு இருபது பாய்ச்சல் போதும். ரெண்டு காலும் ஒண்டா விழணும். மிச்சத்தக் கல்லடிக் கடற்கரை மணல்ல பாய்ங்க, முழங்கால் தப்பும்.

(காட்சி: எட்வர்ட்ஸ், டாலஸ் மைதானம்.)

போறதுக்கு முதல் இன்னொண்டு. அதே எட்வர்ட்ஸ், 2024 மே 26, பிளேஓஃப், டாலஸ்ட டேனியல் கஃபர்டுக்கு மேலால, அவன் 208 செ.மீ, இன்னொரு டங்க் அடிச்சான். சில பேருக்குக் கொலின்ஸுக்கு மேல அடிச்சத விட இதுதான் பெரிசு. ஆனா அதுக்கும் ரெண்டு புள்ளிதான். அண்டைக்கு மினசோட்டா 116க்கு 107 எண்டு தோத்துப்போச்சு.

கொலின்ஸா, கஃபர்டா? உங்கட தெரிவக் கீழ எழுதுங்க. உங்கட பள்ளிக்கூட ரிங்குக்கு அடியில குனிஞ்சு பாத்து, ஸ்பிரிங் இருக்கா இல்லையா எண்டும் எழுதுங்க. ஸ்பிரிங் இருந்தா படம் எடுத்து அனுப்புங்க, அடுத்த வீடியோவுல போடுறன்.