கல் நிற்கும், ஆடுவது யார்?

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோர்களே, கடைசிப் பஸ்ஸைப் பற்றிய கவலையோடு உட்கார்ந்திருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாத அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நாட்டின் பண்பாட்டு அடையாளத்தைப் பெரிதும் காப்பது எழுத்தும் கல்லுமா, இசையும் நடனமுமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், பாட்டு காற்றோடு போய்விடும், ஆட்டம் ஆளோடு போய்விடும், கல்லில் வெட்டியதுதான் நிற்கும் என்றார். சான்றாக அங்கோர் வாட்டைக் காட்டிக் கைதட்டலும் வாங்கினார். அவருக்கு நன்றி. என் வேலையில் பாதியை அவரே முடித்துவிட்டார். வாருங்கள், அந்தக் கம்போடியாவுக்கே போவோம்.

12ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கோயிலின் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெய்வ மகளிர் நிற்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் ஒரே நிலையில் நிற்கிறாள். அடுத்த கணம் அந்தக் கை எந்தப் பக்கம் திரும்பும், பாதம் எந்தத் தாளத்தில் தரையைத் தொடும் என்று கல் சொல்லுமா? அண்ணன் தட்டிக் கேட்டுப் பார்க்கட்டும்.

கம்போடியாவின் கெமர் மக்களுடைய அரண்மனை நடனத்தில் ‘க்பாச்’ என்று கை முத்திரைகள் உண்டு. துளிர், இலை, பூ, கனி என ஒரு செடியின் வாழ்க்கையை விரல்களே காட்டிவிடும். அதற்கு விரல்கள் புறங்கையை நோக்கி வில்லாக வளைய வேண்டும். சின்னஞ்சிறு வயதிலேயே சிறுமிகளின் விரல்களை ஆசிரியை தம் கையில் பிடித்து, நாள்தோறும் பின்பக்கமாக வளைத்துப் பழக்குகிறார். முழங்கையும் அப்படியே. எலும்பு முற்றிய பிறகு வந்து நின்றால் மூட்டு இணங்காது. மேடை ஏறும் நாளில் அவர்கள் உடை உடுத்துவதும் நம்மைப் போல அல்ல. ஆடுபவரின் உடம்போடு ஒட்ட வைத்து, அங்கேயே ஊசி நூலால் தைத்துவிடுகிறார்கள். இந்தக் கலை இருக்கும் இடம் சுவரல்ல, நடுவர் அவர்களே. ஒரு கிழவியின் கையிலிருந்து ஒரு குழந்தையின் கைக்கு மாறுகிற இடத்தில் இருக்கிறது.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படை தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்தது. நகரத்தைக் காலி செய்து மக்களை வயல்களுக்கு விரட்டியது. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுவதற்குள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டார்கள். அரண்மனைக் கலைஞர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மிஞ்சவில்லை என்பது அந்நாட்டார் சொல்லும் கணக்கு. நாடே கொண்டாடிய பாடகர் சின் சிசாமுத்தும் திரும்பி வரவில்லை. இத்தனை பேரைச் சாகடித்தவர்கள் அங்கோர் வாட்டை என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் கொடியில் போட்டுக்கொண்டார்கள்! சிவப்புத் துணி, நடுவில் மஞ்சள் நிறத்தில் கோயில் கோபுரங்கள். கல் யாரையும் எதிர்ப்பதில்லை. எவன் தூக்கிப் பிடித்தாலும் அவனுக்கு அடையாளமாகிவிடுகிறது.

சியா சாமி என்ற அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுமியாக இருந்தபோதே அரண்மனையில் ஆடத் தொடங்கியவர். அவருடைய கொழுந்தன் சலோத் சார், சிறுவயதில் இவர் வீட்டில் தங்கிப் படித்தவன். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் கெமர் ரூஜின் தலைவனான போல் பாட். அம்மையாரும் மற்றவர்களைப் போலக் கிராமத்துக்கு விரட்டப்பட்டு வயலில் உழைத்தார். பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்த பிறகுதான், நாட்டை இந்தப் பாடு படுத்துகிறவன் தம் கொழுந்தன் என்பதே அவருக்குத் தெரிந்தது. ஆட்சி விழுந்ததும் அவர் புனோம் பென் திரும்பினார். பிழைத்திருந்த சில ஆசிரியைகளோடு சேர்ந்து, நினைவில் இருந்ததை நினைவில் இருந்தபடியே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2003இல் யுனெஸ்கோ இந்த நடனத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அண்ணன் சொன்னது சரி, ஆட்டம் ஆளோடு போகும். ஆள் திரும்பி வந்தால் ஆட்டமும் அவரோடு திரும்பி வரும்.

எதிரணியில் பேசிய சகோதரி ஓலைச்சுவடியின் பெருமையைச் சொன்னார். நானும் ஓலையை வணங்குபவன்தான். ஆனால் தில்லையில் தேவார ஏடுகளைத் திறந்தபோது அவை செல்லரித்துக் கிடந்தன என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. மிஞ்சிய பதிகங்களுக்குப் பண் தெரியவில்லை. அதற்கு இன்னோர் ஏட்டையா தேடிப் போனார்கள்? திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போனார்கள்.

இனி, “ஆடலும் பாடலும் அரண்மனை அலங்காரம், குடிமக்களுக்கு அதில் என்ன பங்கு?” என்ற கேள்விக்கு வருகிறேன். பால்டிக் கடலோரத்துச் சிறு நாடான எஸ்டோனியாவில் 1869இல் தார்த்து நகரில் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. பாடியவர்கள் அரசவைப் புலவர்கள் அல்லர், ஊர்ப் பாடற்குழுக்கள். பின்னாளில் சோவியத் ஆட்சி வந்தது. திருவிழாவை அது நிறுத்தவில்லை, தன் புகழ் பாட வைத்துக்கொண்டது. பாட்டையும் ஆட்சியாளர்கள் பயன்படுத்துவார்கள், ஒப்புக்கொள்கிறேன். லிடியா கொய்டுலாவின் தாய்நாட்டுக் கவிதைக்கு எர்னெசாக்ஸ் அமைத்த பாட்டு 1947 விழாவில் ஒலித்து, பிறகு நிகழ்ச்சிநிரலிலிருந்து நீக்கப்பட்டது. 1960இல் மக்கள் நிரலைப் பார்க்கவில்லை, தாங்களாகவே பாடினார்கள். 1988 செப்டம்பரில் தலைநகர் தாலினின் பாட்டுத் திடலில் பாடக் கூடியவர்கள் மூன்று லட்சம் பேர் என்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையோ சுமார் 15 லட்சம். 1991இல் விடுதலை வந்தது. பாட்டு மட்டும் வாங்கித் தந்ததா என்று கேட்காதீர்கள், மாஸ்கோவும் தளர்ந்திருந்தது. ஆனால் அந்தத் திடலுக்கு அவர்களை அழைத்து வந்தது துப்பாக்கி அல்ல.

“அந்தப் பாட்டும் ஒருவர் எழுதிய கவிதைதானே?” என்று அண்ணன் அங்கிருந்தே சைகை காட்டுகிறார். கவிதைதான் அண்ணா. புத்தகத்துக்குள்ளும் இருந்தது. புத்தகத்தை ஒருவர் தனியாகப் படிக்கலாம். மெட்டு வந்த பிறகல்லவா பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்துகொள்கிறார்?

மணி அடித்துவிட்டது. அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தச் சிவப்புக் கொடியில் இருந்த கோயில் யாருடைய அடையாளம்? கொடி பிடித்தவனுடையதா, வயலில் நின்ற சியா சாமியுடையதா? பதிலைச் சொல்லிவிட்டு அவர் தம் பேச்சைத் தொடங்கட்டும்.