மேட்டர்ஹார்னும் ஒரு அறுந்த கயிறும்

வணக்கம் நேயர்களே. மேட்டர்ஹார்ன்னு பேர் சொன்னா பல பேருக்குப் பிடிபடாது, ஆனா முன்னாடியெல்லாம் ஒரு சாக்லேட் அட்டை மேல முக்கோண மலை படம் போட்டு வந்துச்சு, பாத்திருப்பீங்கல்ல, அதான் இது. சுவிட்சர்லாந்து-இத்தாலி எல்லையில 4,478 மீட்டர் உயரத்துக்கு கூர்மையா நிக்குது. 1865 ஜூலை 14 அன்னைக்குத்தான் மொதல்ல ஆளுங்க உச்சிக்குப் போனாங்க. யாருன்னு கேட்டா எல்லாரும் எட்வர்ட் விம்பர்னு சொல்லுவாங்க, லண்டன்காரர், 25 வயசு. நான் எங்க பேசப் போனாலும் இதத்தான் கேப்பேன், கூடப் போன வழிகாட்டிங்க பேர் என்னங்க? மலையடிவாரத்துல இருக்குற ஜெர்மாட் ஊர்க்காரர் பீட்டர் டாக்வால்டர், அவர் மகன், அவர் பேரும் பீட்டர்தான், அப்புறம் பிரான்ஸ்ல ஷமோனி பக்கத்துலேருந்து வந்த மிஷெல் க்ரோ. மொத்தம் ஏழு பேர்.

ஏறுனதுல பிரச்சனையே இல்ல. எறங்கும்போது ஹேடோன்னு 19 வயசுப் பையன், இந்த மாதிரி மலையெல்லாம் பழக்கமில்ல, தடுமாறுறான். க்ரோ கோடாரியக் கீழ வச்சிட்டு அவன் காலப் புடிச்சு ஒவ்வொண்ணா பாறையில வச்சு விடுறாரு, அப்ப சறுக்கி க்ரோ மேலயே விழுந்துட்டான், பின்னாடி கட்டியிருந்த ஹட்சன், டக்ளஸ் ரெண்டு பேரையும் கயிறு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. மேல அப்பா டாக்வால்டர் பாறையக் கெட்டியாப் புடிச்சு நின்னாரு, அவருக்கும் டக்ளசுக்கும் நடுவுல பட்டுன்னு அறுந்துச்சு. நாலு பேர் போயிட்டாங்க, டக்ளஸ் உடம்பு மட்டும் கெடைக்கவே இல்ல.

அறுந்தது எந்தக் கயிறு? கொண்டு போன மூணு தினுசுல இருக்குறதுலயே பழசு, பலமில்லாதது. நல்ல கயிறு 250 அடி சும்மா கெடந்துச்சு! ஆனா பழி யாருக்கு? தன் உசுருக்காக வெட்டிட்டார்னு டாக்வால்டர் மேல பேச்சு. விசாரணை வச்சு, தப்பில்லன்னு விட்டாங்க, பேச்சு நிக்கல. காசு குடுத்து வந்தவருக்குப் புகழ், கயிறு புடிச்சவருக்குப் பழி, எனக்கு இதுதாங்க ஆறவே மாட்டேங்குது. அந்தக் கயித்துத் துண்டு இப்பவும் ஜெர்மாட் மியூசியத்துல இருக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, நேரமாச்சாம். 1871-ல ஏறுன மொதப் பெண் லூசி வாக்கர், 1931-ல மியூனிக்லேருந்து சைக்கிள் மிதிச்சு வந்து வடக்கு முகத்துல ஏறுன ஷ்மிட் அண்ணன் தம்பி, ரெண்டையும் சொல்லலாம்னு வந்தேன். சரி, ஒரே ஒரு வழிகாட்டி பேர், உல்ரிக் இண்டர்பினன், ஜெர்மாட்காரர், இதே மலையில 90 வயசுல ஏறுனவர். வரேங்க, நன்றி.